சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் இருவர் இணையம் வழியாகச் சேர்ந்து வாசிக்க முடியுமா?

முடியும். நானும் என் நண்பனும் மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் வாசிக்கிறோம். அவன் மதுரையில் வயலின், நான் சென்னையில் மிருதங்கம். 200 எம்பிபிஎஸ் (நொடிக்கு 200 மெகாபிட்) இணைப்புக்கு மாறிய பிறகும் வீடியோ அழைப்பில் உங்கள் பாட்டோடு மிருதங்கக்காரரின் தாளம் சேரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே காரணத்துக்காக நானும் ஒருமுறை பணத்தை வீணாக்கியிருக்கிறேன். நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியை அளந்து எடுக்கும் எண்கள்), மாதிரிக்கு 16 பிட் என்று எந்தச் சுருக்கமும் இல்லாமல் ஒரு மைக்கின் ஒலியை அனுப்பினாலும் நொடிக்கு 768 கிலோபிட்தான் ஆகும். உங்கள் பழைய இணைப்பே அதற்குத் தாராளம். இங்கே எண்ண வேண்டியது மெகாபிட்டை அல்ல, மில்லி விநாடியை.

காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடிக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகிறது. மேடையில் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் ஒலி 9 மில்லி விநாடி கழித்துத்தான் நம்மை எட்டுகிறது. அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. 25, 30ஐத் தாண்டும்போதுதான் வம்பு தொடங்குகிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ் சேஃப் குழுவினர் இருவரைப் பிரித்து உட்காரவைத்து, ஒருவர் ஒலியை மற்றவருக்குத் தாமதப்படுத்திக் கேட்கவைத்துக் கைதட்டச் சொன்னார்கள். தாமதம் ஏற ஏற வேகம் இறங்கியது. சுமார் 11 மில்லி விநாடிக்குக் கீழே போனபோது வேகம் சற்று ஏறியது! மேடையில் நான் தாளத்தை மீறி வேகமாக ஓடியபோதெல்லாம் என் குருநாதர் சொன்ன காரணம் வேறு.

ஏன் இறங்குகிறது என்பது வாசித்துப் பார்த்தால் உடனே புரியும். என் அடி அவனுக்குத் தாமதமாகக் கேட்கிறது. அதற்காகக் காத்திருந்து அவன் வில்லை இழுக்கிறான். அது எனக்கு இன்னும் தாமதமாக வருகிறது, நானும் காத்திருக்கிறேன். நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) முடிவதற்குள் நடுத்தர வேகமான மத்திம காலம், மெதுவான சவுக்க காலமாகிவிடும். நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாள எண்ணிக்கை), அட்சரத்துக்கு எட்டு சொல் (மிருதங்க அடி) என்று போனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே 94 மில்லி விநாடிதான். 45 மில்லி விநாடி தாமதம் என்றால் ஏறத்தாழ அரைச் சொல் தள்ளி விழுகிறது.

தாமதம் எங்கே ஒளிந்திருக்கிறது? வழி நெடுக யாராவது ஒருவர், "அடுத்தது வராமல் போய்விட்டால்?" என்று பயந்து கொஞ்சம் ஒலியைச் சேமித்து வைக்கிறார்கள். கச்சேரியை நேரலையாகக் கேட்கிறவருக்கு வரும் ஒலி பல நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டுப் பல கைகள் மாறி வருகிறது. இருபது நொடி பின்தங்கினாலும் அவருக்கு நட்டமில்லை. வீடியோ அழைப்பில் சேமிப்பு குறைவுதான், ஆனால் எதிரொலி நீக்கம், இரைச்சல் நீக்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். என் மிருதங்கத்தை இரைச்சல் என்று முடிவுகட்டி அமுக்கிய செயலியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆகவே இந்த வேலைக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் வேண்டும். ஜாக்டிரிப், ஜாமுலஸ், சோனோபஸ் மூன்றும் இலவசம். மூன்றும் யூடிபி முறையில் அனுப்புகின்றன. ஒலி சிறுசிறு பொட்டலங்களாகப் போகிறது; வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அது திரும்பி வரும்வரை நிற்காமல், போனது போகட்டும் என்று நடையைக் கட்டுகிற முறை அது. 128 மாதிரிகள் கொண்ட பொட்டலம் ஒன்று 2.7 மில்லி விநாடிதான், அந்த ஓட்டையைக் காது பெரும்பாலும் கவனிப்பதில்லை.

நாங்கள் ஜாக்டிரிப்பில் தொடங்கினோம். முதல் வாரம் நண்பன் புளூடூத் ஹெட்ஃபோன் போட்டிருந்தான். அது மட்டுமே 150 மில்லி விநாடிக்கு மேல் தின்றது. கம்பி ஹெட்ஃபோன் வாங்கினான். வைஃபையை விட்டு இருவரும் ஈதர்நெட் கம்பிக்கு மாறினோம். பிறகும் போய்வர 48 மில்லி விநாடி. வழித்தடத்தை எடுத்துப் பார்த்தால், சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற பொட்டலம் மும்பையைச் சுற்றிக்கொண்டு போகிறது! இருவரும் ஒரே நிறுவனத்தின் இணைப்பை எடுத்ததும் 16க்கு இறங்கியது.

மிச்சமிருந்தது ஒரு 'டக்'. நிமிடத்துக்கு ஒருமுறை, தவறாமல். கம்பி, மைக், கணினி என்று எதை மாற்றியும் போகவில்லை. குற்றவாளி கடிகாரம். இரண்டு ஒலி அட்டைகளும் 48,000 என்றுதான் சொல்லிக்கொள்கின்றன, ஆனால் அவற்றின் கடிகாரத்தை ஓட்டும் எந்தப் படிகமும் துல்லியமாக அப்படி ஓடாது. பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் என்றால் நொடிக்கு 2.4 மாதிரி. 53 நொடியில் ஒரு முழுப் பொட்டலம் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும், அதுதான் அந்த 'டக்'. சேமிப்பைப் பெரிதாக்கினால் 'டக்' தள்ளிப்போகுமே தவிர ஒழியாது. விடுபட்ட இடத்தை ஊகித்து நிரப்புகிற ஜாமுலஸுக்கு மாறிய பிறகுதான் அது காதில் விழவில்லை.

ஜாமுலஸுக்கு நடுவில் ஒரு சேவையகம் வேண்டும். நாங்கள் பெங்களூரில் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். விண்டோஸ் கணினி என்றால் ஏஎஸ்ஐஓ இயக்கியோடு (ஒலியைக் குறைந்த தாமதத்தில் கையாளும் மென்பொருள்) வரும் ஒலிக் கருவி ஒன்றை வாங்கிவிடுங்கள். இன்னொன்று: உங்கள் குரலையும் சேவையகம் போய்த் திரும்பிவரும் ஒலியிலேயே கேட்டுப் பாடுங்கள். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். ஆனால் அப்போதுதான் உங்கள் காதிலும் மிருதங்கக்காரர் காதிலும் பாட்டும் மிருதங்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி சேர்ந்திருக்கும். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் இதற்குத்தான். எங்களுக்கு மொத்தத் தாமதம் 32 மில்லி விநாடியை ஒட்டி நிற்கிறது. பாட்டோடு சீராகப் போகும் சர்வலகு நடைக்குக் குறையில்லை. அதிவேகக் கோர்வையை (கணக்கோடு முடியும் தாளக் கோப்பு) மட்டும் நேரில் வைத்துக்கொள்கிறோம்.

டொராண்டோவில் வயலின் வாசிக்கும் உங்கள் அக்காவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து டொராண்டோ நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கேபிள் நேராகப் போனாலும் ஒரு வழிக்கே 65 மில்லி விநாடி, உண்மையில் போவது சுற்றுவழி. எந்த மென்பொருளாலும் அதைக் குறைக்க முடியாது. அவரோடு தாளத்தில் அமைந்த கீர்த்தனை வேண்டாம், தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை செய்யுங்கள். நீங்கள் ஒரு பிடியை (ராகத்தின் சிறு சொற்றொடர்) பாடி முடித்ததும் அவர் தொடரப்போகிறார். தாளமில்லாத இடத்தில் நூறு மில்லி விநாடி யார் கண்ணிலும் படாது.