ராத்திரியில் மட்டும் பிஎம் 2.5 எகிறுகிறதா? ஹியூமிடிஃபையரைப் பாருங்கள்

வெளிப்புகைதான் உள்ளே வருகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆஸ்துமா உள்ள அம்மாவின் அறையில், ஜன்னலைச் சாத்திய பிறகும் ராத்திரியில் பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) மீட்டர் 180 காட்டுகிறது என்கிறீர்கள். கட்டிலருகே ஹியூமிடிஃபையர் (காற்றை ஈரப்படுத்தும் கருவி) ஓடுவதையும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அதன் மேல்தான்.

வீட்டு மீட்டர்கள் பெரும்பாலும் லேசர் ஒளி சிதறுவதை வைத்துத் துகளைக் கணக்கிடுபவை. நீர்த்திவலையையும் தூசியையும் அவற்றால் பிரித்தறிய முடியாது. உங்கள் ஹியூமிடிஃபையர் அல்ட்ராசோனிக் வகையானால் (அதிர்வால் தண்ணீரைத் திவலையாக்குவது) இன்னொன்றும் உண்டு: குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளையும் சேர்த்தே தெளிக்கும். திவலை காய்ந்ததும் அந்த உப்பு நுண்தூளாக மிதக்கும். பக்கத்து மேஜையை விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா?

ஒரு ராத்திரி அதை அணைத்துவிட்டு, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து அளவைக் குறியுங்கள். மறுநாள் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி ஓட்டுங்கள் (வெறுமனே கொதிக்கவைத்தது போதாது, கரைந்த உப்பு பெரும்பாலும் அதிலேயே தங்கிவிடும்). அணைத்தால் இறங்கி, வடிநீரில் கொஞ்சமே ஏறினால் காரணம் குழாய்த் தண்ணீர். மீட்டரை மட்டும் ஆவி வரும் வாய்க்கு நேரே வைக்காதீர்கள். அணைத்தும் இறங்காவிட்டால் என் ஊகம் தப்பு; அறையில் எரிவது எது என்று தேடுங்கள்.

'வெறும் உப்புத்தானே' என்று விட்டுவிட வேண்டாம், அதுவும் நுரையீரலுக்குள் போகிற துகள்தான். பிஎம் 2.5இன் 24 மணி நேரச் சராசரிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வழிகாட்டி அளவு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். அறையில் ஏதாவது எரிந்தால் வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைத் துகள் மீட்டர் காட்டாது, அதற்குத் தனி அலாரம் வேண்டும். இழுப்பு கூடினால், திரையில் என்ன எண் இருந்தாலும் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.