ஜிபே இல்லாதவர் கற்காலத்து ஆளா?

கேள்வி: மீன் விற்ற காசை இன்னமும் கையில்தான் வாங்குகிறேன், போனில் வாங்கத் தெரியாது. அதற்கு என் மகன், "நீங்க கற்காலத்துலயே இருங்கம்மா" என்கிறான். அந்தக் காலத்து ஆட்கள் அவ்வளவு மக்குகளா?
– ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: காசு என்ற ஒன்றே கற்காலம் முடிந்து ரொம்பக் காலம் கழித்து வந்ததுதான், ஆகவே நோட்டை எண்ணிச் சுருக்குப்பையில் போடுகிற உங்களை அதில் சேர்க்க வழியே இல்லை, இதை முதலில் மகனிடம் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த ஆட்கள். கல்லைக் கல்லால் கண்டபடி தட்டினால் நொறுங்கத்தான் செய்யும். தோதான கல்லாகப் பொறுக்கி, விளிம்பு பார்த்து, சரியான சாய்வில் ஒரே அடி போட்டால்தான் அடியில் மெல்லிய சில்லாகப் பெயரும். அதன் ஓரம் புது பிளேடு மாதிரி இருக்கும், நீங்கள் மீன் வயிற்றைக் கீறிக் குடலெடுக்கத் தாராளமாகப் போதும். இப்படி இரண்டு பக்கமும் செதுக்கிய கைக்கோடரிகள் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்திருக்கின்றன, வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். செய்தவர்கள் நம் இனம்கூட இல்லை, நமக்கு முந்தின மனித இனம்! மக்கு செய்கிற வேலையா அது?

இன்னொன்றும் எனக்கு எரிச்சல் தரும். அந்தமானில் வடக்கு சென்டினல் தீவு மக்களைக் 'கற்கால மனிதர்கள்' என்று சர்வசாதாரணமாக எழுதிவிடுகிறார்கள். 1981இல் அங்கே தரைதட்டிய பிரிம்ரோஸ் கப்பலிலிருந்து இரும்பைப் பெயர்த்து ஆயுதம் செய்துகொண்டவர்கள் அவர்கள்.

கேள்வி: நம் கடற்கரைப் பக்கம் கற்காலக் கருவி ஏதும் உண்டா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: அழகன்குளத்தை நினைத்துக் கேட்கிறீர்களோ? அது ரோமானியக் காசு கிடைத்த துறைமுகம், இரும்பெல்லாம் வந்த பிறகு. கற்கருவி பார்க்க இன்னும் தெற்கே, சாயர்புரம் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலுக்குப் போக வேண்டும். அங்கே கிடைத்தவை நுண்கருவிகள், பலதும் விரல்நுனி அளவுதான். அவ்வளவு சின்னதைப் பிடித்து என்ன செய்ய? மரத்திலோ எலும்பிலோ பதித்து அம்பாக, கத்தியாக ஆக்கிக்கொள்வார்கள்.

உங்கள் ஊரிலேயே ஏதாவது தட்டுப்பட்டால் தேய்த்துக் கழுவி ஷோகேஸில் வைத்துவிடாதீர்கள். கிடந்த இடத்தோடு போட்டோ எடுத்து, ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.