அப்டேட் போட்டும் பழைய கர்னலே ஓடுகிறது
குமுளி ஏலக்காய்க் கடை சர்வரில் டெபியன் 11 (ஒரு லினக்ஸ் சிஸ்டம்) அப்டேட் போட்டும், ஓடுற கர்னலோட நம்பரைச் சொல்ற 'யுனேம் -வி' கட்டளை 5.10.84 என்றே காட்டுதுன்னு கேட்டிருந்தீங்க. புதுக் கர்னல் (சிஸ்டத்தோட மையப் புரோகிராம்) டிஸ்க்கில் இறங்கியாச்சு சார், ஓடுறதுதான் பழசு. ரீபூட் பண்ணியே ஆகணும். தள்ளிப்போடாதீங்க. 2022 மார்ச்சில் வெளியே தெரிஞ்ச டர்ட்டி பைப்ங்கிற பாதுகாப்பு ஓட்டை அந்தப் பழைய கர்னலில் அப்படியே இருக்கு. பில் போடுற பையனோட சாதாரண லாகின் போதும், படிக்க மட்டுமே அனுமதி உள்ள ஃபைலையும் மாத்தி ரூட் (முழு அதிகாரம் உள்ள யூசர்) ஆகிடலாம்.

ரீபூட்டுக்குப் பிறகு 5.10.92-2 அல்லது அதுக்கு மேல காட்டணும். மூலக் கர்னலில் (டெபியன் கை வைக்காத அசல் லினக்ஸ்) 5.10.102-லதான் சரியாச்சுன்னு படிச்சுக் குழம்பாதீங்க. டெபியன் அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய வரிசையிலேயே சேர்த்திருக்காங்க.

புத்தடியில் ஏலக்காய் ஏலம் இல்லாத நாளாப் பார்த்து, பேக்கப் எடுத்துட்டுப் பண்ணுங்க. எழும்பலைன்னா கிரப் மெனுவில் (ஸ்டார்ட் ஆகும்போது எந்தக் கர்னல்னு கேக்குற திரை) பழைய கர்னல் இருக்கும். நம்பர் வந்ததும் இங்கே போடுங்க, கம்பத்திலதான் இருக்கேன்.