உலோக அணைவுகளின் கொழுப்பு நாட்டம்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ரூத்தேனியம் அணைவுகளுக்கு (உலோக அணுவைச் சுற்றி வேறு தொகுதிகள் இணைந்த சேர்மங்கள்) லாக் பி வேண்டும், அதாவது ஆக்டனாலிலும் தண்ணீரிலும் பொருள் பிரியும் செறிவு விகிதத்தின் மடக்கை. ஆக்டனாலும் தண்ணீரும் சேர்த்துக் குலுக்கினால் போதாதா?

பதில்: குலுக்கும் முறைதான் மூல அளவுகோல். ஆனால் சுத்தமான பொருள் நிறைய வேண்டும். சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினப் புற்றுநோய் மருந்தின் லாக் பி மைனஸ் 2-க்கும் கீழே. தண்ணீரில் உள்ள செறிவில் நூறில் ஒரு பங்குகூட ஆக்டனாலில் இருக்காது. அதை அளப்பது சிரமம். தட்டில் புள்ளி வைத்துக் கரைப்பானை ஏறவிட்டுப் பிரிக்கும் டி.எல்.சி.க்குச் (மெல்லடுக்கு வண்ணப்பிரிகை) சில மைக்ரோகிராம் போதும், மாசும் தனிப் புள்ளியாக விலகிவிடும்.

கேள்வி: மென்பொருளில் கணக்கிடலாமா?

பதில்: பெரும்பாலானவை கரிம மூலக்கூறுகளுக்காக உருவானவை. உலோகம் வந்தாலே தடுமாறும்.

கேள்வி: டி.எல்.சி. தரும் ஆர்.எஃப்.பிலிருந்து (புள்ளி நகர்ந்த தூரம் ÷ கரைப்பான் நகர்ந்த தூரம்) கொழுப்பு நாட்டத்துக்கு எப்படிப் போவது?

பதில்: சி-18 தட்டில் (18 கார்பன் சங்கிலிகள் ஒட்டிய சிலிக்காத் தட்டு) மெத்தனால்-தண்ணீர் கலவையில் ஓட்டுங்கள். ஆர்.எம். = லாக் (1/ஆர்.எஃப். − 1). ஆர்.எஃப். 0.5 என்றால் ஆர்.எம். சுழி, 0.2 என்றால் 0.60. புள்ளி கீழேயே தங்கினால் கொழுப்பு நாட்டம் அதிகம். மெத்தனால் அளவை மாற்றி ஐந்தாறு தடவை ஓட்டி வரைபடம் போடுங்கள். அந்த நேர்கோட்டை மெத்தனால் இல்லாத இடம்வரை நீட்டினால் ஆர்.எம்.0 கிடைக்கும்.

கேள்வி: ஒரு அணைவுக்கு மட்டும் கோடு வளைகிறது, புள்ளிக்கு வாலும் இருக்கிறது.

பதில்: அதற்கு நேர்மின்சுமை உண்டா? சிலிக்காவில் மிஞ்சியிருக்கும் சிலனால் தொகுதிகள் அதைப் பிடித்து இழுக்கும். அப்போது நீங்கள் அளப்பது கொழுப்பு நாட்டத்தை மட்டும் அல்ல. அதைவிட எனக்குக் கவலை தருவது ஈந்தணைவி (உலோகத்தோடு இணைந்த தொகுதி) மாற்றம். குளோரைடு போய்த் தண்ணீர் உட்கார்ந்தால் தட்டில் ஓடுவது வேறு சேர்மம். எதில் கரைத்தீர்கள்? டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு கரைப்பான்) என்றால் தயவுசெய்து மாற்றுங்கள். சிஸ்பிளாட்டினில் அது குளோரைடையே வெளியேற்றிவிடும். கரைசலை அன்றன்றைக்குத் தயாரியுங்கள், சில மணி நேரம் கழித்து யு.வி. (புற ஊதா) நிறமாலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் எண்களை நம்பவே வேண்டாம்.

கேள்வி: ஆர்.எம்.0 இருக்கும்போது பி.சி.ஏ. (பல அளவீடுகளைச் சில கூறுகளாகச் சுருக்கும் முதன்மைக் கூறு பகுப்பாய்வு) எதற்கு?

பதில்: கோட்டை நீட்டுவது, அளக்காத இடத்தை ஊகிப்பது. 60 முதல் 85 சதவீத மெத்தனாலில் அளந்துவிட்டுச் சுழிவரை போகிறோம். சிறு பிழையும் அங்கே பெருகும். பி.சி.ஏ. அளந்த ஆர்.எம்.கள் அத்தனையையும் சேர்த்தே பார்க்கிறது. முதல் கூறு மாறுபாட்டில் பெரும்பகுதியைத் தாங்கினால் அதன் மதிப்பெண்ணை வைத்தே அணைவுகளை வரிசைப்படுத்தலாம். அந்த வரிசை உங்கள் தொகுப்புக்குள் மட்டுமே செல்லும். லாக் பி வேண்டுமென்றால், லாக் பி தெரிந்த சேர்மங்களையும் அதே தட்டில் ஓட்ட வேண்டும்.

கேள்வி: ஆறு அணைவுகள், ஆர்.எம்.0-க்கும் செல் நச்சுத்தன்மைக்கும் தொடர்புக் கெழு 0.98. கட்டுரையில் எழுதிவிடலாமா?

பதில்: பொறுங்கள். ஐந்து புள்ளிகள் ஒரே குவியலாகவும் ஒன்று தூரத்திலும் இருந்தாலே 0.98 வந்துவிடும். அந்த ஒன்றை எடுத்துவிட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக விலக்கி, மீதி ஐந்தும் அதைச் சரியாகக் கணிக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தேறினால் எழுதுங்கள், வரைபடத்தோடு.