பதில்: அப்பாவுக்கு ரூம் வாசல்ல கால் ஒட்டிக்குது, என்ன பண்றது?
நீங்க எழுதினத படிச்சேங்க, பார்க்கின்சன் இருக்கற அப்பா ரூம் வாசல்ல வந்ததும் கால் தரையில ஒட்டின மாதிரி நின்னுடறாரு, கைய புடிச்சு இழுத்தா தடுமாறுறாருன்னு. முதல்ல இழுக்கறத நிறுத்துங்க ப்ளீஸ், இழுத்தா உடம்பு முன்னாடி வந்துடும் கால் அங்கயே நிக்கும், அப்படித்தான் விழறாங்க.

இது பிடிவாதமே இல்லங்க. பார்க்கின்சன் நோய்ல மூளையில டோபமைன்ங்கற ரசாயனம் கொறஞ்சதால தானா நடக்க வேண்டிய நடை நடுவுல நின்னுபோகுது, ஆனா கண்ணுக்கு ஒரு குறி கெடச்சா யோசிச்சு அடி வைக்க நெறைய பேருக்கு முடியுது. அதனால வாசலுக்கு குறுக்கா தரையில பளிச்சுனு ஒரு கலர் டேப் ஒட்டிட்டு "கோட்ட தாண்டுங்கப்பா"ன்னு சொல்லிப் பாருங்க. அப்பவும் நின்னுட்டா அவசரப்படுத்தாம, எடைய இடது வலதுன்னு மாத்த விட்டு, ஒண்ணு ரெண்டு எண்ணி பெரிய அடியா வைக்கச் சொல்லுங்க. நடக்கறப்ப பேச்சு கொடுக்க வேண்டாம். திரும்பறப்ப ஒரே இடத்துல சுத்தாம வளைஞ்சு திரும்பட்டும்.

அப்புறம், எப்பெப்ப நிக்குறாருன்னு மாத்திரை நேரத்தோட சேத்து எழுதி வைங்க. அடுத்த டோஸ் நெருங்கறப்பதான் அதிகம்னா மருந்தோட வேகம் கொறையறதா இருக்கலாம், அந்த நோட்ட நியூராலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க, நீங்களா டோஸ கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம், திடீர்னு நிறுத்தறது ரொம்ப ஆபத்து. பிசியோதெரபியும் கேளுங்க.