ஓடிப்போன கப்பல் – கடிதம்

அன்புள்ள ஐயா,
டிரஃபால்கர் போரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். துகே-த்ரூவேன் என்ற பிரெஞ்சுக் கப்பல் அங்கிருந்து ஓடிப்போயிருக்கிறது. அது எவ்வளவு பெரிய கப்பல்? இப்படி ஒரு கோழைக் கப்பலைப் பற்றி ஏன் இன்னும் எழுதுகிறார்கள்?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

74 பீரங்கிகள். இதை நீங்களே தேடிப் பார்த்திருக்கலாம்.

ஆனால் கோழை என்று எழுதிவிட்டீர்களே, அதை அப்படியே விட முடியாது. 1805 அக்டோபர் 21 அன்று பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன், பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் சேர்ந்து நின்ற எதிரி வரிசையை நடுவிலும் பின்னாலும் உடைத்தார். இந்தக் கப்பல் இருந்ததோ வரிசையின் முன்பகுதியில், பிரெஞ்சுத் தளபதி துமானுவாரின் தலைமையில். திரும்பி வந்து கைகொடுக்கக் காற்று வேண்டாமா? அன்று வீசியது வெறும் இளங்காற்று. படகுகளை இறக்கி, கயிறு கட்டி இழுத்துத்தான் கப்பல்களைத் திருப்பினார்கள். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. விலகிப் போகலாம் என்று முடிவெடுத்தவர் துமானுவார், கப்பல் அல்ல. பாய்மரக் கப்பலுக்குக் காற்று இல்லையென்றால் கால் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைக் கோழை என்று சொல்லாதீர்கள். இரண்டே வாரத்தில், நவம்பர் 4 அன்று, ஸ்பெயினின் ஓர்ட்டேகல் முனைக்கு அப்பால் பிரிட்டிஷ் கப்பல்கள் அதை மடக்கின. சண்டை போட்டுத்தான் பிடிபட்டது. கேப்டன் துஃபே அதில் உயிரை விட்டார்.

சரி, அது போகட்டும். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்தக் கப்பலின் முடிவைப் பற்றித்தான். பிரிட்டிஷார் அதற்கு இம்ப்ளாக்கபிள் என்று பெயர் மாற்றினார்கள். 1808இல் பால்டிக் கடலில் ரஷ்யர்களோடு சண்டை போட்டது. அப்புறம் பையன்களுக்குப் பயிற்சிக் கப்பலாக நெடுங்காலம். 1800இல் பிரான்சின் ரோஷ்ஃபோரில் கடலில் இறங்கிய கப்பல், பிரெஞ்சுக் கொடியின் கீழ் ஐந்து வருடம். பிரிட்டிஷாரிடம் 144 வருடம்! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பழுதுபார்க்கப் பணமில்லை என்றார்கள். பிரான்சிடம் கேட்டார்கள், அவர்களும் வேண்டாமென்றார்கள். 1949 டிசம்பர் 2 அன்று இங்கிலாந்தின் வைட் தீவுக்கு அப்பால் இழுத்துப் போய், இரண்டு நாட்டுக் கொடிகளையும் ஏற்றி, வெடிவைத்து மூழ்கடித்தார்கள். பெற்ற வீடும் புகுந்த வீடும் சேர்ந்து கைவிட்டதை எந்தப் பணக் கணக்கைக் காட்டினாலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முகப்புச் சிலையையும் பின்பக்கத்தையும் மட்டும் எடுத்து வைத்தார்கள். லண்டனின் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்தேன். கண்ணாடி ஜன்னல்கள் வரிசையாக, சுவர் உயரத்துக்கு. என்னையும் அறியாமல் உள்ளே அறை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

அன்புடன்.