பழைய ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் கார்களுக்கு ஆயில் மாற்றுவது: கேள்வி பதில்

கும்பகோணத்தில் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடமும் ஒரு ஹெரால்டு ஓடுகிறது. வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து: அண்ணே, அறுபதுகளில் வந்த ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆயிலை நானே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம் தம்பி. ஸ்பிட்ஃபயர் 1962-ல் வந்தது. அதே கம்பெனி 1959-ல் விட்ட ஹெரால்டின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, நீளம் குறைத்து அதன் மேல் கட்டிய கார் அது. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி கட்டிய ஹெரால்டும் இந்த வம்சம்தான். பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாயும், டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சினில் வேலை பார்க்கலாம்.

பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். சூடான ஆயில்தான் அழுக்கையும் சேர்த்து இறக்கும். சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஸ்டாண்டு போட்ட பிறகே அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் போகக் கூடாது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சேம்பரின் போல்ட்டை ஸ்பானரால் இளக்கி, மீதியைக் கையால் கழற்றுங்கள். அரை மணி நேரம் வடியட்டும்.

வடிந்த ஆயிலை அப்படியே ஓரம் வைத்துவிடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பொடி மின்னினால் பேரிங் தேய்கிறது. இந்த எஞ்சினில் இன்னொன்றும் உண்டு. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் முன்பின் நகராமல் பிடித்திருப்பவை பின் மெயின் பேரிங்கில் உள்ள இரண்டு பிறைநிலா வாஷர்கள். அவை தேய்ந்து மெலிந்தால் கழன்று சேம்பரில் விழும். அப்புறம் கிராங்க் எஞ்சினின் உடம்பான பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லி, முன்னால் உள்ள புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்பின் நகர்ந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ரயில்வே கேட்டில் நிற்கும்போது கிளட்ச்சை மிதித்தே வைத்திருக்கும் பழக்கம்தான் அந்த வாஷரைத் தின்கிறது. நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுங்கள்.

திருகிப் பூட்டும் பில்டர் என்றால் அதன் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, வளையம் ஒட்டிய பிறகு கையால் முக்கால் சுற்று போதும். ஆயில் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு உள்ள பில்டராகக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் கடகடக்கும். முதலில் மூன்றரை லிட்டர் ஊற்றி, மீதியை டிப்ஸ்டிக் என்கிற அளவுக் கம்பியைப் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள். ஆயில் விளக்கு அணையும் வரை ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள்.

மன்னார்குடியிலிருந்து: எந்த ஆயில் ஊற்றுவது?

நம் வெயிலுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கிற, கொஞ்சம் கெட்டியான ஆயில். இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம் மேல் டாப்பெட் என்கிற உலோகத் துண்டு உரசி ஓடுகிறது. அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் வேண்டும். புதுக் கார்களின் மெல்லிய ஆயில்களில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்காக பாஸ்பரசுக்கு வரம்பு வைத்துவிட்டார்கள். அந்த மெல்லிய ஆயில் இதற்கு ஆகாது.

திருவாரூரிலிருந்து: எந்தக் கம்பெனி ஆயில் நல்லது?

கம்பெனியைவிட தரம்தான் முக்கியம். மேலே சொன்னதுதான்.

திருவையாற்றிலிருந்து: ஐயா, எங்கள் தாத்தா எஞ்சினில் விளக்கெண்ணெய் ஊற்றியதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து ரேஸ் காருக்கும் அதுதானாமே?

உண்மைதான். கேஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909-ல் வந்தது. முதல் உலகப் போரில் எஞ்சினே சுழலும் விமானங்களுக்கும் விளக்கெண்ணெய்தான். எவ்வளவு சூட்டிலும் அதன் படலம் சீக்கிரம் கிழியாது. ஆனால் சூட்டில் அது பிசினாக இறுகும். அந்த எஞ்சின்களை அடிக்கடி பிரித்துச் சுரண்டினார்கள். நீங்கள் வருடக்கணக்கில் பிரிக்க மாட்டீர்கள்.

பாபநாசத்திலிருந்து: அதெப்படி அண்ணே? வண்டி மைக்கு வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும்தானே போடுகிறோம்! அச்சு தேய்ந்ததா?

மாட்டு வண்டி அச்சு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் தம்பி? எஞ்சின் மூவாயிரம், நாலாயிரம் சுற்றும். உள்ளே பென்சில் முனை அளவு ஆயில் வழிகள் இருக்கின்றன. அதில் பிசின் அடைத்தால் பேரிங் போச்சு. வண்டி மைக்கு விளக்கெண்ணெய் நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

மறுபடியும் திருவையாற்றிலிருந்து: நூறு மில்லி மட்டும் கலந்தால்?

ஒரு சொட்டும் வேண்டாம். மினரல் ஆயிலோடு அது சரியாகச் சேராது. கண்ணாடி பாட்டிலில் இரண்டையும் குலுக்கி ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள், பிரிந்து நிற்கும்.

பாபநாசத்திலிருந்து: அப்போது அந்தக் காலத்தவர்கள் முட்டாள்களா?

இல்லை. அன்று கையில் இருந்ததில் சிறந்ததை ஊற்றினார்கள். இன்று அவர்கள் இருந்தால் அவர்களும் 20டபிள்யூ-50 தான் ஊற்றுவார்கள். விளக்கெண்ணெய் பற்றி இனிக் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

ஒரத்தநாட்டிலிருந்து: டிராக்டருக்கும் இதே ஆயிலா?

அது டீசல் எஞ்சின். டிராக்டர் புத்தகத்தில் போட்டிருப்பதை ஊற்றுங்கள்.

நன்னிலத்திலிருந்து: வேஸ்ட் ஆயிலை என்ன செய்வது? இங்கே பலரும் வாய்க்கால் ஓரம் கொட்டுகிறார்கள்.

கொட்டவே கூடாது. ஆயில் தண்ணீர் மேல் படலமாகப் படர்ந்து காற்றை உள்ளே விடாது. தேய்ந்த உலோகமும் அதில் கலந்திருக்கும். மேட்டூர் திறந்து, கல்லணை கடந்து, கடைமடை வரை வருகிற தண்ணீர் அது. நீங்கள் கொட்டியது அடுத்தவர் நாற்றங்காலில்தான் போய் நிற்கும். மூடியுள்ள கேனில் பிடித்து, வேஸ்ட் ஆயில் சேர்க்கிற பட்டறையில் கொடுங்கள். பழைய பில்டரையும் குப்பையில் போடாமல் கவிழ்த்து வடித்து அங்கேயே கொடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து: சிந்தெடிக் ஊற்றலாமா? எந்த ஆயில் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

20டபிள்யூ-50 மினரல். மூன்றாவது முறை சொல்கிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து: வருடத்துக்கு 500 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதற்கும் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். கொஞ்ச தூரம் ஓடி நிற்கிற வண்டியில் எஞ்சின் முழுச் சூடு ஏறாது. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் தங்கி, புளித்து, பேரிங்கை அரிக்கும். ஐப்பசி மழைக்கு முன் வருடம் ஒரு முறை மாற்றுங்கள். மழைக்காலம் முழுக்க வண்டி புது ஆயிலோடு நிற்கட்டும்.